ஒரே கதவிலக்கத்தில் இரண்டு குடும்பங்கள்

எங்கள் வீட்டுப் படிக்கட்டின் கீழே ஒரு சின்ன அறை இருக்கிறது. அறை என்று சொல்வதும் மரியாதைக்குத்தான். குனிந்துதான் போக வேண்டும். அதற்குள் காஸ் மீட்டர், தூசி உறிஞ்சி, அரிசிப் பை, அதற்குப் பக்கத்தில் ஒரு பலகைத் தட்டில் மூடி கீறல் விழுந்த பழைய மடிக்கணினி ஒன்று. அந்த மடிக்கணினிதான் என் சேர்வர். மற்றவர்கள் தங்கள் படங்களையும் கடிதங்களையும் எங்கோ ஒரு பெரிய கொம்பனியின் கணினியில் வைக்கிறார்கள். நான் என்னுடையதை அரிசிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

நான் ஊரில் ஓ.எல். பரீட்சை வரை படித்தவள். லண்டன் நகரத்தின் நடுவில் ஒரு அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்கிறேன். காலை ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடியும். ஒன்பது மணிக்கு தோர்ன்ரன் ஹீத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்தால், அதற்குப் பிறகு பகல் என்னுடையது. அந்த மடிக்கணினியும் அந்த அலுவலகத்திலிருந்து வந்ததுதான். கழித்துவிடப் போகிற கணினிகளை ஒரு மூலையில் அடுக்கி வைத்திருந்தார்கள். கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி மேலே வைத்துவிட்டு வந்தேன். அடுத்த நாள் அதே கடதாசியில், கீழே, எடுத்துப் போகலாம் என்று பதில் இருந்தது. எனக்கு இப்படித்தான் உலகத்தோடு பேச வரும்.

புரோகிராம் எழுதப் பழகியதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். பிழை விட்டால் கணினி எந்த வரியில் என்று சொல்லும். முகம் சுளிக்காது, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துச் சிரிக்காது. ஒரு முறை தவறவிட்ட ஒரு அடைப்புக்குறியைத் தேடி மூன்று காலைகளைக் கழித்தேன். கிடைத்தபோது சமையலறையில் தனியே நின்று கைதட்டினேன்.

வீட்டில் சேர்வர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், எதிரி வெளியில் இல்லை. என் கணவர் மினிகாப் வாடகைக் கார் ஓட்டுகிறார். ஓய்வு நாளில் துளை போடும் மிசினைச் செருக இடம் தேடி என் வயரைக் கழற்றிவிடுவார். எங்கள் இணைப்புக்கு வெளியிலிருந்து பார்க்க ஒரு இலக்கம் உண்டு, தொலைபேசி இலக்கம் போல. அதை இணையம் தரும் கொம்பனி நினைத்த நேரத்தில் மாற்றிவிடும். மாற்றினால் என் இணையப் பக்கத்தைத் தேடி வருபவர்கள் வேறு யாருடைய கதவையோ தட்டிக்கொண்டு நிற்பார்கள். அதற்காக ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இலக்கத்தைப் பார்த்து, மாறியிருந்தால் தானே திருத்திக்கொள்ளும் சின்ன நிரல் ஒன்றை எழுதினேன். அது முதல் தடவை என் உதவியில்லாமல் திருத்திக்கொண்ட நாளில் நல்ல மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன்.

"இஞ்சரும், உம்மடை மிசின் சூட்டிலை அரிசி பாதி வெந்திட்டுது" என்பார் கணவர். "இனி நீர் உலையும் வைக்கத் தேவையில்லை."

எங்கள் கத்தோலிக்கக் கோயில் தமிழ்ச் செபக்குழுவின் பக்கமும் அந்த மடிக்கணினியில்தான் இருக்கிறது. ஒரு முறை அதன் பாதுகாப்புச் சான்று காலாவதியாகி, திறந்தவர்களுக்கெல்லாம் இந்த இடம் ஆபத்தானது என்று சிவப்பு எழுத்தில் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்து, வீட்டில் களவு போய்விட்டதா என்று கவலையோடு கேட்டார். இல்லை என்று சொன்னேன். அதற்கு மேல் விளக்க எனக்குத் துணிவு வரவில்லை.

இனி நான் விட்ட பிழைக்கு வருகிறேன்.

ஒக்டோபர் எங்களுக்குச் செபமாலை மாதம். அந்த மாதம் முழுவதும் மாதாவின் சிலை, நாங்கள் சொரூபம் என்பது, ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும். மாலை ஏழு மணிக்கு ஒரு வீட்டில் செபமாலை, பிறகு தேநீர், அவித்த கடலை. சொரூபம் அங்கேயே இரவும் அடுத்த நாளும் இருக்கும். அடுத்த மாலை வேறொரு வீட்டுக்காரர் வந்து எடுத்துப் போவார். எந்த நாள் எந்த வீடு என்பதை இருபது வருடமாகச் செபக்குழுவை நடத்தும் அண்ணை ஒரு கொப்பியில் எழுதி வந்தார். கடை வைத்திருப்பவர். ஆட்கள் போன் செய்து நாள் மாற்றிக் கேட்க, அவர் வெட்டி வெட்டி எழுத, கடைசியில் கொப்பி அவருக்கே விளங்காமல் போய்விடும். அந்த வேலையை என் இணையப் பக்கத்தில் செய்யலாம் என்று கணவர் மூலம் சொல்லி அனுப்பினேன். அவர் சம்மதித்தார்.

பெயர், விலாசம், விரும்பும் நாள். மூன்றையும் நிரப்பி ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் என் மடிக்கணினி மெதுவானது. அழுத்தியதும் ஒன்றும் நடக்காததுபோல் தெரியும். அதனால் எல்லோரும் மறுபடி மறுபடி அழுத்தினார்கள். ஒருவருடைய பெயர் பதினொரு தரம் வந்திருந்தது. அண்ணை போன் செய்து, அந்த மனுசி மாதாவைப் பதினொரு நாள் விடமாட்டாவாம் என்று சிரித்தார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. அன்று காலையே ஒரு விதி எழுதினேன்: ஒரே கதவிலக்கமும் ஒரே தபால் குறியீடும் வந்தால் முதலாவதை வைத்துக்கொள், மற்றதை வெட்டு. வெட்டியதை ஒரு தனிக் கோப்பில் போடு. பட்டியல் உடனே சுத்தமாகிவிட்டது. வெட்டியவை இருந்த கோப்பை நான் திறந்து பார்க்கவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தியவைதானே என்று நினைத்தேன்.

ஒக்டோபர் இரண்டாம் வாரம் சொரூபம் நோர்பரியில் ஒரு வீட்டுக்குப் போனது. நானும் போயிருந்தேன். செபம் முடிந்து எல்லோரும் முன்னறையில் கதைத்துக்கொண்டிருக்க, நான் சமையலறைக்குப் போய்க் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினேன். கூச்சமுள்ளவர்களுக்கு ஒரு வீட்டில் மிக நல்ல இடம் பாத்திரம் கழுவும் தொட்டிதான். மேல் அறையில் வாடகைக்கு இருக்கும் பெண் வந்து துணியை எடுத்துத் துடைத்து அடுக்கினார். பிரான்சிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்தவர். கணவர் அங்கே வேலையை முடித்துக்கொண்டு வருவதற்கு இன்னும் சில மாதங்கள் ஆகும். இவர் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை. அந்த இரவுகளில் பிள்ளைகளை வீட்டுக்காரரின் மகள் பார்த்துக்கொள்வார். அன்று அவருக்கு விடுமுறை.

முன்னறைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அக்கா, இஞ்சை அறையிலை இருக்கிற ஆக்களுக்கு மாதா வாறேல்லையோ?"

ஏன் என்று கேட்டேன்.

"நானும் அந்த இன்டர்நெட்டிலை பேர் குடுத்தனான். லிஸ்ட்டிலை இல்லை. இந்த வீட்டுக்காரர்தான் சொல்லி வெட்டுவிச்சிருப்பினம், ஒரு வீட்டுக்கு ரெண்டு தரம் என்னத்துக்கு எண்டு." ஒரு கோப்பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "லூயிஷாம் பக்கம் ஒரு அறை பாத்திருக்கிறன். மாத முடிவிலை போயிடுவன். பிள்ளையளின்ரை பள்ளிக்கூடம்தான் யோசினை."

அந்தப் பக்கத்தைச் செய்தது யார் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. கழுவிய கோப்பையையே இன்னொரு முறை கழுவினேன்.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்து, உடுப்பு மாற்றாமலே வெட்டியவை இருந்த கோப்பைத் திறந்தேன். பதினொரு தரம் அழுத்திய அம்மா பத்து வரியில் இருந்தார். இன்னும் சிலர் மூன்று நான்கு வரியில். அவர்களுக்கு நடுவே ஒரே ஒரு வரி. நோர்பரி வீட்டின் இலக்கம், ஆனால் வேறு பெயர். அவர் ஒரு தரம்தான் அழுத்தியிருந்தார். பொறுமையாகக் காத்திருந்திருக்கிறார்.

அறையில் இருப்பது என்றால் என்ன என்று தெரியாத ஒருவர் இந்த விதியை எழுதியிருந்தால் மன்னிக்கலாம். நான் லண்டனுக்கு வந்து முதல் ஐந்து வருடம் அப்படி ஒரு அறையில்தான் குடும்பம் நடத்தினேன். வீட்டுக்காரருக்கு வாசல் மணி ஒரு தரம், எங்களுக்கு இரண்டு தரம். பிரிட்ஜில் எங்களுக்குக் கீழ்த் தட்டு. அவர்கள் சமைத்து முடிந்த பிறகு எங்கள் சமையல். எங்கள் கடிதங்களைப் படிக்கட்டின் மூன்றாம் படியில் வைப்பார்கள். அத்தனையும் தெரிந்த நான், ஒரு கதவிலக்கத்துக்கு ஒரு குடும்பம் என்று எழுதியிருக்கிறேன். அதை எழுதும்போது ஒரு கணம்கூட என் கை நிற்கவில்லை.

இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். பிழை எங்கே என்று தெரிந்த பிறகு எனக்குப் பயம் போய்விடும். தெரியாத பிழைதான் பயம். இது தெரிந்த பிழை. விதியை மாற்ற ஐந்து நிமிடம் எடுத்தது: விலாசத்தோடு பெயரும் ஒன்றாக இருந்தால் மட்டும் வெட்டு. ஆனால் மாதத்தில் நாள் மிச்சமில்லை. முப்பது வீடுகள், கடைசி நாள் கோயிலில் நிறைவுப் பூசை. இந்தப் பெண்ணுக்கு நான் எழுதிக் கொடுக்க ஒரு மாலையும் இல்லை. மாத முடிவுக்குள் ஒன்றும் செய்யாவிட்டால் அவர் வீட்டுக்காரர்மேல் ஒரு தவறான கோபத்தோடு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

அண்ணைக்கு ஒரு செய்தி எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். பிறகு போனை எடுத்து அழைத்தேன்.

"அண்ணை, நோர்பரி வீட்டிலை மேல் அறையிலை இருக்கிற பிள்ளையின்ரை பேர் லிஸ்ட்டிலை விடுபட்டுப்போச்சு. பிழை என்ரை."

"மேல் அறையோ? கீழை வச்சதுதானே, பிள்ளை. ஒரே கூரை. அவவும் நிண்டவ, நான் கண்டனான்."

"நிண்டவதான். ஆனால் அவ தனியப் பேர் குடுத்தவ."

"உதுக்குத்தான் சொல்லுறது, என்ரை கொப்பி நல்லது எண்டு. இருபது வருசத்திலை ஒருத்தரும் காணாமல் போகேல்லை."

"உங்கடை கொப்பியிலை அறையிலை இருந்த ஆக்களின்ரை பேர் எப்பவாவது இருந்ததோ, அண்ணை?"

இதை நானா சொன்னேன் என்று எனக்கே திகைப்பாக இருந்தது. அந்த ஐந்து வருடமும் நாங்களும் இதே செபக்குழுவில்தான் இருந்தோம். ஒவ்வொரு ஒக்டோபரிலும் கீழே, முன்னறையில், வீட்டுக்காரரின் மாதாவுக்கு முன்னால் நின்றோம். கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை, தர வேண்டும் என்று அண்ணைக்கும் தோன்றவில்லை.

"சரி" என்றார் அண்ணை. "ஆனால் நாள் இல்லையே. எல்லாம் நிரம்பிட்டுது."

"மாலைதான் நிரம்பினது. பகல் எல்லாம் காலியாக் கிடக்கு."

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் வந்துவிடும். ஒரு பொருள் எவ்வளவு நேரம் வேலை செய்கிறது, எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்று பார்ப்பது. மாலை ஒரு மணி நேரம் செபம் முடிந்தால், சொரூபம் அடுத்த மாலை வரை யாரோ ஒருவருடைய முன்னறையில் பூட்டிய வீட்டுக்குள் தனியே நிற்கிறது. வீட்டுக்காரர் வேலையில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில்.

பகலில் யார் வரப்போகிறார்கள் என்று அண்ணை கேட்டார். இரவு வேலை செய்பவர்கள் வருவார்கள் என்றேன். அவர் யோசித்தார். அன்றைக்குச் சொரூபம் இருக்கிற வீட்டுக்காரர் சம்மதித்தால் தனக்கு மறுப்பில்லை என்றார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்.

"பஸ்ஸிலை கொண்டுபோகக் கூடாது. சொல்லிப்போட்டன்."

அடுத்த நாள் காலை வேலையிலிருந்து நேராக நோர்பரிக்குப் போனேன். மணியை இரண்டு தரம் அடித்தேன். அந்தப் பெண் வேலை உடுப்போடு, கண் சிவந்து, கதவைத் திறந்தார். ரயிலில் வரும்போது சொல்ல வேண்டியதை மனதுக்குள் நாலு தரம் சொல்லிப் பார்த்திருந்தேன். வாசலில் நின்றே சொல்லிவிட்டேன்.

"அந்தப் பக்கத்தைச் செய்தது நான்தான். உங்கடை பேரை வெட்டினது கீழை இருக்கிறவை இல்லை."

அவர் என்னை விளங்காமல் பார்த்தார். "அப்ப மிசினோ வெட்டினது?"

"மிசின் இல்லை. நான் சொன்னதைத்தான் அது செய்தது."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். பட்டியல் வந்த நாள் தொடக்கம் தான் வீட்டுக்கார அக்காவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை என்றார். கீழே இரண்டு பைக்கற் உப்பு இருக்க, கேட்க மனமில்லாமல் மழையில் கடைக்குப் போய் உப்பு வாங்கினாராம். அதைச் சொல்லும்போது அவருக்கு என்மேல் கோபம் வந்தது. வரத்தான் வேண்டும். நான் நின்று கேட்டுக்கொண்டேன். பிறகு பகல் செபத்தைப் பற்றிச் சொன்னேன். அவருடைய முகம் இறுகியது.

"எனக்கு மட்டும் தனியவோ? பாவம் பாத்தோ?"

"பாவம் பாத்து இல்லை. அந்த இன்டர்நெட் பக்கத்திலை காலைச் செபம் எண்டு புதுசா ஒண்டு போடுறன். வரக்கூடிய ஆக்கள் எல்லாரும் வரட்டும். உங்கடை பேர் முதல் பேர்."

வெள்ளிக்கிழமை காலை இரவு வேலை முடிந்து எட்டரைக்கு வந்துவிடுவதாக மட்டும் அவர் சொன்னார்.

வீட்டுக்கு வந்து காலைச் செபத்துக்குப் பெயர் கொடுக்கும் இடத்தைச் செய்தேன். முதல் தரம் பக்கம் முழுவதும் வெள்ளையாகப் போய்விட்டது. இரண்டாம் தரம் சரியாக வந்தது. பொத்தானை அழுத்தியதும் அது நிறம் மாறி, கிடைத்துவிட்டது, நன்றி என்று சொல்லும்படி செய்தேன். அதைத் தொடக்கத்திலேயே செய்திருந்தால் ஒருவரும் பதினொரு தரம் அழுத்தியிருக்கமாட்டார்கள், எனக்கும் வெட்டும் விதி தேவைப்பட்டிருக்காது. அது வேறு விடயம். இரண்டு நாளில் ஏழு பெயர்கள் வந்தன. அதில் ஒருவர் இரவு பஸ் ஓட்டுபவர். மூன்று பேர் முதியோர் இல்லங்களில் வேலை செய்பவர்கள். ஒருவர் பாண் பேக்கரியில். பல வருடமாக மாலைச் செபத்துக்கு வராததால் கோயிலை விட்டுப்போய்விட்டார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தவர்கள். எல்லோரும் ஒரு தரம்தான் அழுத்தியிருந்தார்கள்.

கணவரிடம் கார் கேட்டேன். தன்னுடைய வெள்ளிக்கிழமைக் காலை ஓட்டம் போகிறது என்று முணுமுணுத்தார்.

"நீர் விட்ட பிழைக்கு நான் டிரைவரோ?"

ஆனால் வியாழக்கிழமையே காரைக் கழுவி வைத்தார். வெள்ளிக்கிழமை வேலையில் ஒரு மணி நேரம் முன்னதாக விடுப்புக் கேட்டிருந்தேன். சொரூபம் இருந்த வீட்டுக்காரரிடம் கேட்டு அதை எடுத்து, பின் சீற்றில் வைத்து பெல்ட் போட்டு, நான் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருந்தேன். வீதியில் வேகத்தடைகள் வரும்போதெல்லாம் அவர் காரை நடக்கிற வேகத்தில் விட்டார். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். என் கணவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரையும் திட்டவில்லை.

மேல் அறை சிறியது. ஒரு கட்டில், பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில், ஒரு இழுப்பறை அலுமாரி. அலுமாரிக்கு மேல் வெள்ளைத் துணி விரித்திருந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போவதற்கு முன் வெட்டி ஒட்டிய கடதாசிப் பூக்கள் சுவரில் இருந்தன. வந்தவர்கள் கட்டிலிலும் நிலத்திலும் நெருக்கி உட்கார்ந்தோம். பஸ் ஓட்டுபவர் சீருடையோடு அடுக்குக் கட்டிலின் கீழ்த் தட்டில், தலை இடிக்காமல் மடங்கி உட்கார்ந்திருந்தார்.

படியில் காலடி கேட்டது. வீட்டுக்கார அக்கா தட்டில் தேநீரோடு வந்து வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை. அறையிலிருந்த பெண் எழுந்து போய்த் தட்டை வாங்கினார். வாங்கியவர் அங்கேயே நின்றார்.

"அக்கா, என்ரை பேரை நீங்கள்தான் வெட்டுவிச்சனீங்கள் எண்டு நினைச்சிட்டன்."

"நானோ? எனக்கு அந்தப் பக்கத்தைத் திறக்கவே தெரியாது. என்ரை பேரையே மகள்தான் குடுத்தவள்." வீட்டுக்கார அக்கா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார். "நீங்கள் லூயிஷாமிலை அறை பாக்கிறியள் எண்டு கேள்விப்பட்டு, நான் என்ன செய்திட்டன் எண்டு இவ்வளவு நாளும் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

"அது இனி வேண்டாம் எண்டு காலமை சொல்லிப்போட்டன். உள்ளை வாங்கோ. கட்டிலிலை இடமிருக்கு."

இடம் இருக்கவில்லை. நாங்கள் இன்னும் நெருங்கினோம். அவர் வந்து ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார்.

செபமாலையின் முதல் பத்து மணிகளுக்கான செபத்தை வீட்டுக்காரர் சொல்லித் தொடங்குவது எங்கள் வழக்கம். எல்லோரும் செபமாலையைக் கையில் எடுத்தபின், பழக்கதோசத்தில், நான் உட்பட எல்லோருடைய பார்வையும் வீட்டுக்கார அக்காவிடம் போனது. அவர் கட்டில் ஓரத்திலிருந்து எங்களைச் சுற்றிப் பார்த்தார்.

"என்னை என்னத்துக்குப் பாக்கிறியள்?" என்றார். "இது அவவின்ரை வீடு. அவ தொடங்கட்டும்."

அந்தப் பெண் வேலை உடுப்பை இழுத்து நேராக்கிக்கொண்டு, அலுமாரிக்கு முன்னால் முழந்தாளில் நின்று, சிலுவை அடையாளம் போட்டார். இரவு முழுவதும் விழித்திருந்த, கொஞ்சம் கரகரத்த குரலில், நிதானமாகத் தொடங்கினார்.